தொலைநோக்கிக்கு வைத்த பொட்டு

எங்களுக்குச் சூரிய மண்டலம் நடத்திய விரிவுரையாளர் வானத்தை அண்ணாந்து பார்த்து நான் கண்டதில்லை. மழை வருமா என்று தெரிந்துகொள்ளக்கூட பியூனைத்தான் வெளியே அனுப்புவார். கல்லூரி விட்டதும் குடையைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு, சாக்கடைக்கும் சாணத்துக்கும் பயந்து, தரையை விட்டுக் கண்ணை எடுக்காமல் ராயபுரம் ரயிலடிவரை நடப்பார். இந்த மனிதரிடம்தான் வியாழனையும் சனியையும் ஒப்படைத்திருந்தார்கள்.

ஐம்பதுகளின் நடுவில் நடந்தது இது. துறைமுகத்துக்குப் போகும் சாலையிலிருந்து ஒரு தெரு உள்ளே தள்ளி இருந்தது எங்கள் கல்லூரி. மண்டி வியாபாரிகள் சிலர் தருமக் காரியம் என்று சேர்ந்து தொடங்கியது. அவர்களுடைய தருமம் புதுக் கட்டடம்வரை போகவில்லை. காலியாகக் கிடந்த ஒரு தோல் கிடங்குக்குச் சுண்ணாம்பு அடித்து, குறுக்கே சுவர் எழுப்பி, கல்லூரி என்று பலகை மாட்டிவிட்டார்கள். மழை பெய்தால் சுவரிலிருந்து பழைய தோல் நாற்றம் கிளம்பும். அந்த நாற்றத்தில் உட்கார்ந்துதான் நாங்கள் இன்டர்மீடியட் படித்தோம்.

அங்கே வான சாஸ்திரம் வந்து சேர்ந்தது ஒரு கேவலமான கதை. கப்பல் கம்பெனி ஏஜெண்டாக இருந்த வெள்ளைக்காரன் ஒருவன், சுதந்திரம் வந்ததும் மூட்டை கட்டினான். அவன் வீட்டு மாடியில் ஒரு தொலைநோக்கி இருந்தது. சீமைக்கு எடுத்துப்போனால் கப்பல் கூலிக்குக் கட்டுபடியாகாது என்று அதை அப்போதுதான் தொடங்கியிருந்த எங்கள் கல்லூரியின் தலையில் கட்டிவிட்டுப் போனான். நிர்வாகிகள் அதைக் கண்ணாடி பீரோவில் பூட்டி வைத்தார்கள். இவ்வளவு பெரிய சாமானை வைத்துக்கொண்டு அதற்கென்று ஒரு பாடம் இல்லாமல் இருக்கலாமா என்று சில வருஷங்கள் யோசித்தார்கள். கடைசியில் முதல் வருஷக் கணக்குப் பிரிவுக்கு, சூரிய மண்டலத்தைப் பற்றி ஓர் ஆரம்பப் பாடம், வாரம் ஒரு வகுப்பு என்று வைத்தார்கள். கணக்கு விரிவுரையாளர்களில் எதிர்த்துப் பேசத் தெரியாதவர் யாரோ அவர் தலையில் அது விழுந்தது. பீரோச் சாவியும் அவரிடம் போனது. பாடம் தொடங்கிய பிறகும் பாடத்துக்கென்று பீரோ திறந்ததில்லை.

அவர் நடத்தியதைப் பாடம் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. தான் மாணவராக இருந்தபோது எழுதிய நோட்ஸைக் கையில் வைத்துக்கொண்டு வாசிப்பார், நாங்கள் எழுதவேண்டும். கமாவும் ஃபுல்ஸ்டாப்பும்கூட அவர் வாயால் சொன்னால்தான் எங்கள் காகிதத்தில் விழும். சூரியனிலிருந்து எந்தக் கிரகம் எத்தனை மைல் என்பதெல்லாம் அவருக்குத் தலைகீழ்ப் பாடம். இப்போது அது எந்தத் திசையில் இருக்கிறது என்று கேட்டால் மட்டும் இருமல் வந்துவிடும். நோட்ஸ் நெப்டியூனோடு முடிந்துபோனது. கடைசி பெஞ்சுப் பையன் ஒருவன் எழுந்து, ஒன்பதாவது கிரகம் ஒன்று இருப்பதாகப் படித்தேனே என்று கேட்டான். அது போர்ஷனில் இல்லை என்று சொல்லி அவனை உட்கார வைத்தார். அவர் படித்த காலத்தில் புளூட்டோவை யாரும் கண்டுபிடித்திருக்கவில்லை, அதனால் அவரைப் பொறுத்தவரை இன்னும் கண்டுபிடிக்கப்படவில்லை.

வகுப்பில் பெண்கள் நாங்கள் நாலு பேர். எங்களுக்குச் சுவரோரமாகத் தனி பெஞ்சு. எங்கள் பக்கம் திரும்பாமலே பாடம் நடத்துவதை அவர் பெரிய ஒழுக்கம் என்று நினைத்திருந்தார். நாங்களும் கிரகங்களும் அந்த விஷயத்தில் ஒன்று, அவர் பார்வை எங்கள் மேல் பட்டதே இல்லை.

ஒரு நாள் செவ்வாய்க்கு வந்தார். செவ்வாயை அதன் சிவந்த நிறத்தைக் கொண்டு வெறும் கண்ணாலேயே எளிதாக அடையாளம் காணலாம், ஃபுல்ஸ்டாப், என்றார். எல்லோரும் எழுதிக்கொண்டார்கள். அந்த வருஷம் செவ்வாய் பூமிக்கு ரொம்பவும் நெருங்கி வந்திருப்பதாகப் பத்திரிகைகளில் போட்டிருந்தார்கள். அதைப் பற்றி அவர் ஒரு வார்த்தை சொல்லவில்லை. நோட்ஸில் இருந்தால்தானே சொல்வார். நான்தான் அந்த வரியை எழுதியதோடு விடாமல், அதன்படி செய்து பார்ப்பது என்று வீட்டு மாடிக்கு ஏறினேன்.

எங்கள் வீடு கல்மண்டபத்துக்குப் பக்கத்தில், கீழே கடை, மேலே குடித்தனம். அப்பா திருநெல்வேலிச் சீமையிலிருந்து வந்து கருப்பட்டி, புளி, மிளகாய் வற்றல் மொத்த வியாபாரம் செய்தார். மாடியில் காய்கிற வற்றலின் நெடி கண்ணைக் கரிக்கும். துறைமுகத்து நிலக்கரித் தூசி வேறு காற்றில் வந்து கொடியில் கிடக்கும் துணியை எல்லாம் கறுப்பாக்கும். இவ்வளவையும் மீறி, ஆவணி மாதத்தில் ஒரு சாயங்காலம், கிழக்கே கப்பல் கொடிமரங்களுக்கு மேலே அது தெரிந்தது. சிவப்பு என்றால் ரத்தச் சிவப்பு இல்லை, அடுப்பில் நீறு பூக்கத் தொடங்கிய கங்கு மாதிரி. மற்ற நட்சத்திரம் போலக் கண் சிமிட்டாமல் நின்றது. அதன் பக்கத்தில் மங்கலாக இரண்டு நட்சத்திரங்கள் இருந்தன. அவற்றை அடையாளம் வைத்துக்கொண்டேன்.

அடுத்த வாரம் பார்த்தால் அது இடம் மாறியிருந்தது. அதற்கடுத்த வாரம் இன்னும் கொஞ்சம். கிழக்கே போகவேண்டியது மேற்கே போய்க்கொண்டிருந்தது. பூமி உள்வட்டத்தில் வேகமாக ஓடி அதை முந்துவதால், அது பின்னால் போவது போலத் தெரியும் என்று கல்லூரி லைப்ரரியில் ஒரு புத்தகத்தில் படித்தேன். படித்தது ஒன்று, அதை வற்றலுக்கு நடுவில் நின்று கண்ணால் பார்த்தது வேறு. நான் நிற்கிற மொட்டை மாடியே ஓடிக்கொண்டிருக்கிறது என்பது அந்தச் சாயங்காலங்களில்தான் எனக்கு உறைத்தது. அந்த வயதில் அதற்கு ஈடான சந்தோஷம் எனக்கு வேறு எதிலும் கிடைத்ததில்லை. யாரிடமும் சொல்லவில்லை. சொல்லிப் புரிந்துகொள்ள அந்தத் தெருவில் யார் இருந்தார்கள்?

அப்பாவிடம் சொல்லியிருக்கவேண்டும் என்று உங்களுக்குத் தோன்றலாம். அப்பா என்னைக் கல்லூரிக்கு அனுப்பியது படிப்பின் மேல் இருந்த மரியாதையால் இல்லை. எதிர்க் கடை எண்ணெய் வியாபாரி தன் மகளை அனுப்பினார், அதனால் இவரும் அனுப்பினார். தூத்துக்குடியில் அத்தை மகன் உப்பளம் வைத்திருந்தான். பெண்ணைக் கொடு என்று அத்தை மாதம் தவறாமல் சொல்லி அனுப்பிக்கொண்டிருந்தாள். ஒரு வருஷம் படிக்கட்டும், அப்புறம் பார்க்கலாம் என்பது அப்பாவின் கணக்கு. இரண்டாம் வருஷமும் போகவேண்டும், அப்புறம் பட்டம்வரை போகவேண்டும் என்பது என் ஆசை. அதற்கு அவர் ஒரே ஒரு நிபந்தனை வைத்தார். கல்லூரியில் தீபாவளிக்கு முன்னால் பெற்றோரை அழைத்துத் தொலைநோக்கி காட்டப்போகிறார்கள் என்று சுற்றறிக்கை வந்திருந்தது. அதற்கு வருவேன் என்றார்.

"அப்படி என்னதான் சொல்லிக் குடுக்காங்கன்னு கண்ணால பாக்கேன். பாத்துட்டுச் சொல்லுதேன், நீ படிக்கவா வேண்டாமான்னு."

ஆக, என் படிப்பு அந்தப் பித்தளைக் குழலின் கையில் இருந்தது. அதுவோ பீரோவில் இருந்தது.

நடுவில் ஆயுத பூஜை வந்தது. எங்கள் பக்கத்தில் அந்த நாளின் கோலாகலத்தைச் சொல்லி முடியாது. ராயபுரத்திலிருந்து எண்ணூர்வரை பொட்டு வைக்காத இரும்பு அன்றைக்கு இருக்காது. லேத்துக்குப் பொட்டு, லாரிக்குப் பொட்டு, தையல் மெஷினுக்கு, தராசுக்கு, துறைமுகத்துக் கிரேனுக்கு. வருஷம் முழுவதும் எண்ணெய் போடாமல் கதறவிட்ட மெஷினுக்கெல்லாம் அன்று ஒரு நாள் சந்தனமும் சாமந்தி மாலையும் கிடைக்கும். எங்கள் கல்லூரியிலும் பியூன் எல்லாச் சாமான்களையும் ஹாலில் வரிசையாக வைத்துப் பூஜை போடுவார். அந்த பீரோ வருஷத்தில் திறப்பது அந்த ஒரு நாள்தான். அன்று நான் எங்கள் கடைப் பூஜையில் இருந்தேன், கல்லூரிக்குப் போகவில்லை.

பெற்றோர் வந்த அன்று சாயங்காலம் மழை விட்டு வானம் சுத்தமாக இருந்தது. பெண்கள் நாலு பேரையும் வாசலில் நிறுத்தி, பன்னீர் தெளித்துச் சந்தனம் கொடுக்கும் வேலையைக் கொடுத்துவிட்டார்கள். கணக்குப் பிரிவில் படிக்கிறோம் என்பது அன்று யாருக்கும் ஞாபகம் இல்லை. இரும்பு வியாபாரிகள், எண்ணெய் வியாபாரிகள், வண்ணாரப்பேட்டையிலிருந்து தோல் மண்டி முதலாளி ஒரு பாய், எல்லோரும் சலவை வேட்டியும் ஜரிகைத் துண்டுமாக வந்தார்கள். அப்பா வெள்ளைச் சட்டைக்கு மேலே கோட்டு போட்டிருந்தார். அந்தக் கோட்டைக் கல்யாண வீட்டுக்குத்தான் போடுவார். என் கையால் சந்தனம் வாங்கும்போது யாரோ எவரோ போல முகத்தை வைத்துக்கொண்டு மாடி ஏறினார்.

நாங்கள் வேலை முடித்து மேலே போனபோது கூட்டம் வரிசையில் நின்றிருந்தது. இருட்டிக்கொண்டு வந்தது. விரிவுரையாளர் கழுத்துவரை பொத்தான் போட்ட கோட்டில் தொலைநோக்கிக்குப் பக்கத்தில் நின்று நோட்ஸைப் பார்க்காமல் ஒப்பித்துக்கொண்டிருந்தார். செவ்வாயின் குறுக்களவு இவ்வளவு, அதன் வருஷம் இவ்வளவு, அதன் துருவத்தில் பனிக்குல்லாய் உண்டு, இப்போது நீங்கள் பார்க்கப்போவது அதைத்தான். ஒவ்வொருவராகக் குனிந்து பார்த்தார்கள். பார்த்தவர்கள் எல்லோரும் தலையை ஆட்டி ஆட்டி வியந்தார்கள். செக்கச்செவேல் என்று இருக்கிறதே என்றார் இரும்பு வியாபாரி. பனியும் தெரிகிறது என்றார் அடுத்தவர். முன்னால் பார்த்தவர் சொன்னதைவிட ஒரு சொட்டு குறைத்துச் சொல்ல யாருக்கும் மனமில்லை.

மற்ற எல்லோரையும்விட அதிகமாக வியந்தவர் என் அப்பா. குழலை விட்டு நகரவே இல்லை. பின்னால் நின்றவர்கள் முணுமுணுத்த பிறகுதான் நிமிர்ந்தார். அந்த முகத்தை நான் அதற்கு முன்னால் பார்த்ததில்லை. நல்ல சரக்கு மலிவாகக் கிடைத்த நாளில்கூட அவ்வளவு மலர்ச்சி வந்ததில்லை. பனி எப்படிப் பூத்துக் கிடக்கிறது என்று எதிர்க் கடை எண்ணெய் வியாபாரிக்கு அவரே விளக்கினார். விரிவுரையாளரைப் பார்த்துக் கும்பிட்டார். பிறகு என்னைப் பார்த்து, அத்தனை பேருக்கு முன்னாலும் சொன்னார்.

"படிட்டி. அடுத்த வருசமும் படி. இதெல்லாம் தெரிஞ்சுக்கணும்."

எனக்கு நெஞ்சு நிறைந்துவிட்டது. அந்த நிமிஷம் நான் பேசாமல் கீழே இறங்கிப் போயிருக்கலாம். விரிவுரையாளருக்கு அன்று வந்த பெருந்தன்மைதான் கெடுத்தது. பெண்களும் பார்க்கலாம் என்றார்.

நான் முதலில் குழலைப் பார்க்கவில்லை, வானத்தைப் பார்த்தேன். செவ்வாய் தென்கிழக்கே நன்றாக மேலே ஏறி நின்றது. குழலின் வாய் அதற்கு ரொம்பக் கீழே, கைப்பிடிச் சுவரை ஒட்டி, துறைமுகத்துக் கிரேன் ஒன்றின் உச்சியில் எரிந்த விளக்கைப் பார்த்துக்கொண்டிருந்தது. கிழக்குப் பக்கம் பளிச்சென்று எது கண்ணில் பட்டதோ அதற்குக் குழலைத் திருப்பியிருக்கிறார் மனிதர். சரி என்று குனிந்து கண்ணை வைத்தேன். சிவப்பாக ஒரு வட்டம், கலங்கலாக. அதைச் சுற்றி வெளுப்பாக ஒரு திட்டு. நட்டநடுவில் ஒரு கீறல். சந்தன வாசனை மூக்கில் ஏறியது. கண்ணை எடுத்துவிட்டு, பார்க்கிற கண்ணாடியில் விரலை வைத்துத் தேய்த்தேன். விரலில் காய்ந்த சந்தனமும் குங்குமமும் பொடியாக வந்தது.

சார், இது குங்குமம் என்றேன். குழல் கிரேன் விளக்கைப் பார்க்கிறது, செவ்வாய் அதோ மேலே இருக்கிறது என்றும் சொன்னேன். சத்தம் போட்டுச் சொல்லவில்லை. ஆனால் மாடியில் அப்போது வேறு சத்தமே இல்லை.

விரிவுரையாளர் அன்றுதான் முதல் தடவையாக என்னை நேராகப் பார்த்தார். மேலே நான் காட்டிய பக்கம் அப்போதும் பார்க்கவில்லை.

"இந்தக் கையால்தானே வாசலில் சந்தனம் கொடுத்தாய்? அந்தக் கையோடு வந்து லென்ஸைத் தொட்டால் வேறென்ன இருக்கும்?"

கூட்டத்தில் பாதிப் பேர் அதை ஒப்புக்கொண்டு தலையாட்டிவிட்டார்கள். படித்தவர் சொன்னால் சரியாகத்தான் இருக்கும். ஆனால் மாடிப்படியில் நின்றிருந்த பியூனுக்கு அது பொறுக்கவில்லை. அவர் செய்த பூஜையின் பெருமை இன்னொருவருக்குப் போவதா?

"இன்னா சார், அந்தப் பாப்பா மேல போட்ற? நான்தான் வெச்சேன். மெசினுக்குப் பொட்டு மூஞ்சில வெக்காம முதுகுலயா வெப்பாங்க? இதுக்கு மூஞ்சின்னா கண்ணாடிதானே கீது. முன்னாடி ஒண்ணு, பின்னாடி ஒண்ணு. வருசா வருசம் வெச்சிகினுதான் வரேன், இத்தினி நாள் ஒருத்தரும் ஒண்ணும் கேக்கல."

வருஷா வருஷம். வெள்ளைக்காரன் போன நாளிலிருந்து போட்ட பொட்டெல்லாம் ஒன்றின் மேல் ஒன்றாக அந்தக் கண்ணாடியில் இருந்திருக்கிறது. அந்தக் குழல் வழியாக இத்தனை வருஷத்தில் ஒருவர்கூட எதையும் பார்த்ததில்லை என்பதை, சூரிய மண்டலம் நடத்துகிறவரின் முன்னாலேயே, அந்த ஆள் பெருமையாகச் சொல்லிவிட்டுப் போனார்.

யாரோ பெட்ரோமாக்ஸ் விளக்கைத் தூக்கிப் பிடித்தார்கள். பார்த்தால் வரிசையில் நின்று பார்த்த பெரிய மனிதர்கள் அத்தனை பேருக்கும் வலது கண்ணைச் சுற்றி மஞ்சளும் சிவப்புமாக ஒரு வளையம். ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். பாய்தான் முதலில் துண்டால் கண்ணைத் துடைத்துக்கொண்டு வயிறு குலுங்கச் சிரித்தார். நம்ம மூஞ்சியெல்லாம் கலீஜ் பண்ணிட்டியேப்பா என்று பியூனின் முதுகில் தட்டினார். அவர் ஒருவரிடம்தான் அன்று மனிதத்தன்மை இருந்தது. மற்றவர்களுக்குத் தங்களைப் பார்த்துச் சிரிக்கத் தெரியவில்லை, அதனால் சிரிக்க வேறொரு ஆளைத் தேடினார்கள். ஆள் பக்கத்திலேயே இருந்தார். எதிர்க் கடை எண்ணெய் வியாபாரி அப்பாவின் தோளில் கை போட்டார்.

"நம்ம அண்ணாச்சி பனியெல்லாம் பாத்தாரே."

மாடி முழுவதும் சிரித்தது. விரிவுரையாளரும் சேர்ந்து சிரித்தார். அதைத்தான் என்னால் இன்றைக்கும் மன்னிக்க முடியவில்லை. பனிக்குல்லாய் என்று சொல்லிக்கொடுத்தவரே அவர். அதை நம்பியதற்காக என் அப்பாவைப் பார்த்து அவர் சிரித்தார். குற்றம் தன் தலையிலிருந்து இறங்கி வேறு தலைக்குப் போனதும் அவருக்கு அவ்வளவு நிம்மதி.

அப்பா சிரிக்கவில்லை, கோபப்படவும் இல்லை. வா போகலாம் என்றார். தெருவுக்கு வந்த பிறகு, அவருடைய கண்ணைச் சுற்றி இருந்ததை என் சேலைத் தலைப்பால் துடைக்கப் போனேன். கையைத் தட்டிவிட்டுத் தானே கோட்டுக் கையால் துடைத்துக்கொண்டார். கோட்டுக் கையிலும் மஞ்சள் ஒட்டிக்கொண்டது. கல்மண்டபம் பக்கம் திரும்புகிற இடத்தில், எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. அவர் அவ்வளவு ஆசையாகப் பார்த்தாரே, அந்த ஆசையாவது பொய்யில் முடியக்கூடாது என்று நினைத்தேன். நிஜமானது தலைக்கு மேலேயே நிற்கிறது, ஒரு விரலை நீட்டினால் காட்டிவிடலாம். நீட்டினேன்.

"எது, அந்தச் செவத்த வெள்ளியா?" என்று நின்று பார்த்தார். எங்கள் ஊர்ப் பக்கம் நட்சத்திரத்தை வெள்ளி என்பார்கள். "இதத்தான் கடை அடைக்கும்போது தெனமும் பாக்கேன்லா. இதப் பாக்கவாட்டி காலேசு?"

அவர் குரலில் இருந்தது வெறும் ஏமாற்றம்தான். குங்குமம் பெரிதாக இருந்தது, கலங்கலாக இருந்தது, பித்தளைக் குழலுக்குள் இருந்தது, கோட்டுப் போட்டவர் பக்கத்தில் நின்று மைல் கணக்குச் சொன்னார். இதுவோ தெருவில் நின்று ஓசியில் பார்க்கிற ஒரு புள்ளி. எனக்குப் பதற்றம் வந்துவிட்டது. அது சும்மா நிற்கவில்லை அப்பா, என்று தொடங்கினேன். இரண்டு மாதமாக அது பின்னால் போனதைச் சொன்னேன். பூஜை சமயத்தில் அது நின்றதையும், இனிமேல் முன்னால் நகரும் என்பதையும் சொன்னேன். பூமி அதை முந்துகிறது என்றேன். என் மனதில் பூட்டி வைத்திருந்தது எல்லாவற்றையும் அந்தத் தெருமுனையில் கொட்டினேன். அப்பா கவனமாகக் கேட்டார். கேட்டுவிட்டு ஒரே ஒரு கேள்வி கேட்டார், எங்கே நின்று பார்த்தாய் என்று.

மாடியில் என்றேன்.

"தெனமுமா?"

ஆமாம் என்றேன், பெருமையாக.

வீடு வந்தது. படியில் செருப்பைக் கழற்றிவிட்டு, என்னைப் பார்க்காமல் சொன்னார்.

"ரெண்டு மாசமா நாலு தெருவும் பாக்க மாடியில நின்னுருக்க. இனி காலேசு வேண்டாம்."

நான் கத்தினேன், அழுதேன், சாப்பாட்டைத் தள்ளினேன். எங்கள் வீட்டில் பெண் சாப்பிடாமல் இருந்தால் சோறு மிச்சம் என்பதோடு விஷயம் முடிந்துவிடும். அம்மா மாடிக் கதவுக்குப் பூட்டுப் போட்டாள். தை மாதத்தில் தூத்துக்குடிக்காரனுக்குக் கட்டிக்கொடுத்தார்கள். கல்லூரியில் அதற்கடுத்த வருஷமும் அந்தப் பாடம் நடந்தது என்றும், அதே நோட்ஸ் என்றும் கூடப் படித்தவள் சொன்னாள். ஆயுத பூஜையும் நடந்திருக்கும்.

இதை நான் பல தடவை திருப்பிப் போட்டுப் பார்த்திருக்கிறேன். குங்குமத்தைச் செவ்வாய் என்று ஒப்புக்கொண்டிருந்தால் நான் பட்டதாரி. நிஜச் செவ்வாயைக் காட்டியதால் உப்பளத்துக்காரன் பெண்டாட்டி. வாயைத் திறந்ததற்காக ஒரு நாளும் நான் வருந்தியதில்லை. ஆனால் போன படிப்பை நினைத்தால் இந்த வயதிலும் வயிறு எரிகிறது, அதை மறைக்கவும் மாட்டேன்.

அப்பாவோடு எனக்குச் சண்டை இல்லை, அவர் மேல் எனக்குப் பாசம்தான். அவரும் அந்தச் சாயங்காலத்தை மறக்கவில்லை. மூலக்கொத்தளம் சுடுகாட்டுக்குக் கொண்டுபோகிறவரை சொல்லிக்கொண்டே இருந்தார். பிரசவத்துக்கு வந்திருந்தபோது ஒரு நாள் கடையில் கருப்பட்டிச் சிப்பம் ஒன்றின் மேல் உட்கார்ந்திருந்தேன். வெளியூர் வியாபாரிகள் சிலர் இருந்தார்கள். பேச்சு எங்கெங்கோ போய்ப் படிப்பில் வந்து நின்றது.

"எம்மக படிச்ச காலேசுல டெலஸ்கோப்பு உண்டும்" என்று அப்பா தொடங்கினார். "நான் செவ்வாயப் பாத்துருக்கேன். செவசெவன்னு இருக்கும், சுத்திப் பனி."

அது குங்குமம் அப்பா என்றேன். அவர் எங்கே அதைச் சொன்னாலும் நான் இதைச் சொல்வேன். அப்பாவுக்கு அது ஒரு பொருட்டே இல்லை. வந்தவர்களில் ஒருவர், அப்படியானால் உங்கள் மகள் பார்க்கவில்லையா என்று அவரிடம் கேட்டார்.

"அவளும்தான் பாத்தா. அவ கண்ணுக்குக் குங்குமந்தான் தெரிஞ்சுது. பொம்பளப் புள்ளைக்கு வேற என்ன தெரியும்?"

கடையில் இருந்தவர்கள் என் நெற்றியைப் பார்த்துச் சிரித்தார்கள்.